பெரியப்பாவின் முகத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டது

ஃப்ரோடோவுக்கு என் பெரியப்பாவின் முகம். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில், தீய மோதிரம் ஒன்றை அழிக்கச் சுமந்து போகும் நாயகன் ஃப்ரோடோ. என் மனத்தில் பத்து ஆண்டுகள் அவனுக்கு அந்த முகம்தான் இருந்தது. ஐம்பது வயது, குடும்பம் இல்லாத ஒற்றை ஆள், ஏறிக்கொண்டே போகும் நெற்றி, விரித்தால் மடங்காத கறுப்புக் குடை. 2002இல் சேலத்தில் ஒரு தியேட்டரில் உட்கார்ந்து அந்த நாவலின் முதல் பாகத்தைப் படமாகப் பார்த்தபோது, பெரிய நீலக் கண்களோடு இருபது வயதுப் பையன் ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் ஃப்ரோடோவாம். ரயிலில் முன்பதிவு செய்த இருக்கையில் வேறொருவர் காலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பெரியப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். எழுத்தாளர் என்று நினைத்துவிட வேண்டாம். செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவேட்டை எழுதுவது, கூலிக் கணக்குப் பார்ப்பது, மூட்டைகளை எண்ணுவது, இதெல்லாம் செய்பவருக்கு எஸ்டேட்டில் ரைட்டர் என்று பெயர். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை. கொலுசுக்குக் கம்பி இழுக்கும் சத்தத்தில் பிள்ளை படிக்காது என்று அம்மா சொல்லிச் சொல்லி, அரையாண்டு விடுமுறை விட்டதும் என்னை மலைக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு முறை வாந்தி வந்துவிடும். அது வேறு கதை.

1991 டிசம்பரில் எனக்குப் பதினைந்து வயது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம். களத்தில் கொட்டை காய்ந்துகொண்டிருக்கும். ஆடு வந்தால் விரட்டுவதும், தூறல் விழுந்தால் தார்ப்பாய் இழுத்து மூடக் குரல் கொடுப்பதும் எனக்குத் தந்த வேலை. எஸ்டேட்டை விட்டுப் போன பழைய மேலாளர் பெரியப்பாவிடம் ஒரு பெட்டி ஆங்கிலப் புத்தகங்களை விட்டுச் சென்றிருந்தார். அதில் முன்அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகம், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. மூன்று பாகங்களும் ஒரே கட்டாக, ஆயிரம் பக்கத்துக்கு மேல். லிப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினேன். முதல் வாரம் முப்பது பக்கம்கூடத் தாண்டவில்லை.

டோல்கீன் வழியெல்லாம் செடிகொடிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போகிற மனிதர். அவர் சொல்லும் புதரும் புல்வெளியும் எனக்கு எப்படித் தெரியும்? அகராதியில் பார்த்தால் 'ஒருவகைப் புதர்ச்செடி' என்று போட்டிருக்கும். அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து உள்ளே வைத்தேன். பெரணிச் செடி என்றால் களத்துக்குப் பின்னால் ஓடையோரம் இருந்ததே, அது. மோரியா சுரங்கத்துக்குச் சேர்வராயன் கோயில் குகை. அந்தக் குகை காவிரி வரை போகிறது என்று ஊரில் சொல்வார்கள், எனவே குள்ளர்கள் தோண்டியது அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லோத்லோரியன் காட்டில் சாம்பல் நிறத் தண்டும் பொன்னிறப் பூவும் உள்ள மரங்கள் வரும். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் பூத்ததைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. என் லோரியனில் ஒவ்வொரு மரத்திலும் மிளகுக்கொடி ஏறியிருந்தது. பகைவனின் வறண்ட நாடான மோர்டார் எது என்றால், மலைமேல் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தால் தெரியும். சித்திரை மாதத்தில் எங்கள் சேலம் கிடக்கும் கிடப்பு அப்படி.

பெரியப்பா ஏன் ஃப்ரோடோ ஆனார்? புத்தகத்தில், ஃப்ரோடோவை வளர்த்த உறவினர் பில்போவின் பிறந்தநாள் விருந்தன்று ஃப்ரோடோவுக்கு 33 வயது. மோதிரம் கைக்கு வந்த பின் பதினேழு ஆண்டுகள் ஊரிலேயே இருக்கிறான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது வயது 50. தெருவில் நடுவயதுக்காரர் ஒருவர் மூட்டை கட்டுகிற மாதிரிதான் அந்தப் பயணம் தொடங்குகிறது. வயது மட்டும் காரணமில்லை. கூலி கொடுக்கும் நாளில் பெரியப்பா வங்கியிலிருந்து பணத்தை எடுத்து, துணிப்பையில் போட்டு, கழுத்தில் கயிறு கட்டிச் சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு எஸ்டேட் பாதையில் நடந்து வருவார். நான் பின்னால் வருவேன். எதிரே யாராவது வந்தால் அவர் வலக்கை தானாக மார்புக்குப் போகும். தெரிந்த ஆளாக இருந்தாலும் போகும். எனக்கு இன்னும் நினைவிருப்பது என்னவென்றால், மாலையில் கூலி எல்லாம் கொடுத்து முடித்து, பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அந்தக் கை இரண்டு மூன்று முறை மார்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும். பை இல்லை என்பதைக் கை ஏற்றுக்கொள்ளாது.

புத்தகத்தின் கடைசியில், மோதிரம் அழிந்து ஊர் திரும்பிய பின், ஃப்ரோடோ நோயுற்றுப் படுத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. கழுத்துச் சங்கிலியில் எல்ஃப் இளவரசி அர்வென் கொடுத்த வெள்ளைக் கல்லை இறுகப் பற்றியபடி, எல்லாம் போய்விட்டது, இருட்டாகவும் வெறுமையாகவும் இருக்கிறது என்று பிதற்றுவான். பதினைந்து வயதில் அதைப் படித்ததும் சமையலறைக்குப் போய்ப் பெரியப்பாவின் கையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு படத்துக்குப் போனால் என்ன ஆகும்?

அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனான். அவன் புத்தகத்தைத் தொட்டதில்லை. படத்தின் முதல் பாதியில் அவன் காதில் நான் ஓதியது: பதினேழு வருடத்தை விழுங்கிவிட்டார்கள், டாம் பாம்படில் என்றொரு ஆள் வர வேண்டும், காணோம், ஆற்றங்கரைக்குக் குதிரையில் வருவது இந்தப் பெண் இல்லை, குளோர்ஃபிண்டல் என்று வேறொருவர், அரகோர்ன் முறிந்த வாளை இடுப்பிலேயே வைத்திருக்க வேண்டும். முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, கதை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, சந்தோஷம். எங்களுக்கும் தெரிய வேண்டாமா?" என்றார். அண்ணன் சிரித்துவிட்டான். எனக்கு முகம் சிவந்து, மீதி நேரம் முழுக்க நான் திரையைப் பார்த்தேனே தவிர படத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிடும்போது அண்ணன் கேட்டான்: "சரி, படம் எப்படி?" எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகம் எப்படி இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். விரும்பிப் படித்த நாவல் படமாக வந்தால், அதைப் படிக்காத ஒருவரோடு போவேன். வாயைத் திறக்க மாட்டேன். திரும்பி வரும்போது அவரைப் பேசவிட்டுக் கேட்பேன். கதை அவருக்குப் புரிந்ததா, எந்த இடத்தில் பயந்தார், யாருக்காக வருந்தினார் என்பதெல்லாம் படத்தைப் பற்றிய நல்ல சாட்சிகள். நம் சாட்சி செல்லாது, நாம் கட்சிக்காரர். என் குறைகளை இரண்டு நாள் கழித்துத்தான் எழுதுவேன். இரண்டு நாளில் பாதிக் குறை உதிர்ந்துவிடும். உதிராமல் நிற்பதைத்தான் பேச வேண்டும்.

எழுதும்போது நோட்டில் மூன்று பத்தி பிரித்துக்கொள்வேன்: விட்டது, மாற்றியது, சேர்த்தது. இது பள்ளிக்கூட வேலை போலத் தோன்றும். நான் தமிழாசிரியை, என்னிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்? ஆனால் உருப்படியான பயன் உண்டு. விட்டதற்குக் கோபப்படுவது பெரும்பாலும் வீண். முதல் பாகம் 178 நிமிடம், இரண்டாவது 179, மூன்றாவது 201. மொத்தம் ஒன்பதேகால் மணி நேரம் சொச்சம். ஆயிரம் பக்கத்தை நான் அகராதி இல்லாமல் படித்தாலே அதைப் போல் நான்கைந்து மடங்கு ஆகும். எதையாவது கீழே போட்டுவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். பாம்படிலை விட்டதைக்கூட இப்போது ஒப்புக்கொள்கிறேன். மோதிரத்தை விரலில் போட்டும் அவருக்கு ஒன்றும் ஆகாது. சிரித்துவிட்டுத் திருப்பித் தருவார். புத்தகத்தில் அது அழகு. படத்தில் அந்த மோதிரத்தைக் கண்டு பார்வையாளர் நடுங்கத் தொடங்கிய நேரத்தில் ஒருவர் அதை வைத்து விளையாடினால் நடுக்கம் போய்விடும்.

மாற்றியது அப்படியில்லை. அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். இரண்டாம் பாகத்தில், வழியில் ஃப்ரோடோவைப் பிடிக்கும் படைத்தலைவன் ஃபாராமிருக்குச் செய்ததை நான் ஒரு வருடம் மன்னிக்கவில்லை. புத்தகத்து ஃபாராமிர், வழியில் கிடந்தாலும் அந்தப் பொருளை எடுக்க மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடியே ஃப்ரோடோவை விட்டுவிடுகிற கண்ணியவான். படத்தில் மோதிரத்தோடு ஃப்ரோடோவையும் அவன் துணையான சாமையும் பிடித்துக்கொண்டு ஆஸ்கிலியாத் நகருக்கு இழுத்துப் போகிறான், பிறகுதான் மனம் திரும்புகிறான். நல்ல மனிதரை எதற்குக் கெடுத்தார்கள் என்று அண்ணனிடம் பொருமினேன். பிறகு நீட்டிக்கப்பட்ட பதிப்பின் குறுந்தகடுகள் கைக்கு வந்தன. அதில் படமெடுத்தவர்களே காரணம் சொல்கிறார்கள். சிலந்தி வரும் பகுதி புத்தகத்தின் இரண்டாம் பாகத்தின் முடிவில் வருகிறது. அதை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டதால் ஃப்ரோடோ பக்கம் இரண்டாம் படத்துக்கு ஓர் உச்சம் தேவைப்பட்டது. எல்லோரையும் மயக்கும் மோதிரம் ஒருவரை மட்டும் அசைக்காமல் போனால் அதன் வலிமையும் குறைந்து தெரியும். நான் இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறேன். படத்தோடு சண்டை என்றால் அந்தக் கூடுதல் தகடுகளைப் பார்த்துவிட்டுப் போடுங்கள், சண்டை தரமாக இருக்கும்.

இதை எழுதும்போது எனக்கே ஒன்று உறுத்துகிறது. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பன் அதைத் தாங்க முடியாமல், பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுக்க வைத்துவிட்டான். மிதிலையில் திருமணத்துக்கு முன்பே இருவரும் பார்த்துக்கொள்வதும் வால்மீகியில் இல்லை. இருபத்தைந்து வருடமாக வகுப்பில் இதையெல்லாம் கம்பனின் பெருமை என்று பாடம் நடத்துகிறேன். ஒரு மாணவிகூட 'மூலத்தைக் கெடுத்துவிட்டார்' என்று எழுந்து நின்றதில்லை. ஃபாராமிரைத் தொட்டதும் மட்டும் எனக்கு ஏன் இரத்தம் கொதித்தது? வால்மீகியை நான் கம்பனுக்குப் பிறகுதான் அறிந்தேன். எது முதலில் வந்து உட்கார்ந்ததோ அதுவே மூலம்.

எங்கள் பாட்டி இதற்கு இன்னும் நல்ல சான்று. ஏற்காடு சாலையில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டுடியோ 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அது. பாட்டிக்கு அந்த அராபியக் கதை படமாகத்தான் தெரியும். நான் படங்கள் போட்ட கதைப்புத்தகம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். தாடி வைத்த ஒருவர் கழுதையோடு நிற்கும் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, "இது யார்?" என்றார். அலிபாபா என்றேன். "எம்.ஜி.ஆர். எங்கே?" என்றார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. படத்துக்கு முன்னால் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

என் நாற்காலியில் பெரியப்பா இருந்தார். மூன்று படங்களையும் முடித்து 2004இல் மறுபடி புத்தகத்தை எடுத்தேன். முதல் அத்தியாயத்திலேயே அந்த நீலக் கண்கள் வந்துவிட்டன. தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. லோரியனும் போய்விட்டிருந்தது. படத்தில் அது இரவு வெளிச்சத்தில் நீலமாக இருக்கும். மிக நேர்த்தியான காடு, குறை சொல்ல முடியாது. அந்த நீலம் என் சில்வர் ஓக் பூக்களின் மேல் கொட்டி ஊறிவிட்டது. பீட்டர் ஜாக்சன் மேல் குற்றமில்லை. அவர் தம் ஊரான நியூசிலாந்தின் மலைகளை வைத்து எடுத்தார், நான் என் மலையை வைத்துப் படித்தேன். அவரிடம் கேமரா இருந்தது, என்னிடம் ஒரு வரிகூட எழுதி வைத்த குறிப்பு இல்லை.

ஆகவே இதை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். பிடித்த நாவல் படமாகிறது என்று செய்தி வந்த அன்றே, முன்னோட்டம் வருவதற்குள், ஒரு தாளை எடுத்து உங்கள் மனத்தில் இருப்பதை எழுதிவிடுங்கள். முன்னோட்டம் ஒன்றே போதும், இரண்டு நிமிடத்தில் எல்லா முகத்தையும் மாற்றிவிடும். நாயகன் உங்களுக்குத் தெரிந்த யார் போல? வீடு யார் வீடு? எந்தப் பக்கம் கதவு? குரல் தடித்ததா, மெலிந்ததா? கதைச்சுருக்கம் தேவையில்லை, அது புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததும் உங்களிடம் மட்டுமே இருப்பதுமான விவரங்களை எழுதுங்கள். வரையத் தெரிந்தால் வரையுங்கள். தாளைப் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள்.

எந்தப் பக்கமும் சாயாமல் சொல்வதென்றால் படம் எனக்குக் கொடுத்ததும் உண்டு. பெயர்கள். கெலபார்னைப் பத்து வருடம் 'செலபார்ன்' என்றும் சௌரானைச் 'சாரோன்' என்றும் மனத்துக்குள் வாசித்துக்கொண்டிருந்தவள் நான். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களே பெரிய வேலி. என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று முறை புத்தகத்தைத் தொடங்கி மூன்று முறையும் முதல் நூறு பக்கத்தில் நின்றுவிட்டாள். படத்தைப் பார்த்துவிட்டு வா என்றேன். பார்த்துவிட்டு வந்து இரண்டு மாதத்தில் முடித்துவிட்டாள். ஆகவே முதலில் புத்தகமா படமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதிலைச் சொல்வதில்லை. மொழி தடுக்கிறதா, படம் முதலில். சரளமாகப் படிக்கிற பிள்ளையா, படத்தைக் கொஞ்சம் ஒளித்து வையுங்கள்.

படம் விட்டதில் ஒன்றை மட்டும் நான் விடுவதாக இல்லை. போர் முடிந்து, ஃப்ரோடோவின் இனமான ஹாபிட்டுகள் நால்வர் ஊர் திரும்பும்போது, படத்தில் அவர்கள் ஊரான ஷயர் போட்டது போட்டபடி பச்சையாக இருக்கிறது. புத்தகத்தில் அப்படியில்லை. மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள், விருந்து நடந்த மரம் உட்பட. பழைய ஆலை இருந்த இடத்தில் புகைபோக்கி. விளைந்ததைப் பங்கு போடுவதாகச் சொல்லி அள்ளிக்கொண்டு போகும் ஆட்கள். தீய மந்திரவாதி சாருமானின் வேலை. நான்கு பேரும் வாளை உறையில் போட நேரமில்லாமல் சொந்த ஊரை மீட்க வேண்டியிருக்கிறது. பிறகு சாம், லோரியன் அரசி கலாட்ரியல் கொடுத்த சிறு பெட்டி மண்ணை ஊர் முழுக்க ஒவ்வொரு துகளாகத் தூவி மரம் வளர்க்கிறான். முதல் படத்தில் கலாட்ரியலின் கண்ணாடி நீரில் ஷயர் எரிவது ஒரு கணம் தெரியும், அவ்வளவுதான். சேலத்திலிருந்து மலைக்குப் போகிற எவருக்கும் வழியில் வெள்ளைக்கல் வெட்டிக் குவித்த மேடுகள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவளுக்கு அந்த அத்தியாயம் இல்லாத முடிவு முடிவாகவே தோன்றவில்லை. மூன்றாம் படத்துக்குப் போட்டியிட்ட 11 பிரிவுகளிலும் ஆஸ்கர் கிடைத்தது, கிடைக்கட்டும். வீட்டில் யார் அந்தப் படத்தைப் பார்த்தாலும், முடிந்த மறுநாள் அந்த அத்தியாயத்தை மட்டும் நான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முறுக்கு வைத்தால் உட்காருவார்கள்.

பெரியப்பா 1998லேயே போய்விட்டார். படம் வந்ததையும் அதில் தம் வேலை பறிபோனதையும் அறியார். புகைப்படம் இருக்கிறது; ஆனால் புகைப்படத்தில் உள்ளவர் பெரியப்பா மட்டுமே, ஃப்ரோடோ இல்லை. போன டிசம்பரில் ஏற்காடு போயிருந்தபோது பழைய களத்தின் அருகே நின்று வலிந்து நினைத்துப் பார்த்தேன். எனக்கும் இப்போது ஏறக்குறைய அந்த ஐம்பது வயதுதான். குடை வந்தது. மார்புக்குப் போகும் கை வந்தது. முகம் வரவில்லை.

அன்று உடன் வந்தவள் அண்ணன் மகள். பதினோரு வயது. டோல்கீனின் 'தி ஹாபிட்' படிக்கிறாள், பில்போ நாயகனாக வரும் கதை. 1937இல் வந்த அந்தச் சின்னப் புத்தகத்தை 2012 தொடங்கி மூன்று படமாக இழுத்திருக்கிறார்கள் என்பதும், அதில் புத்தகத்தில் இல்லவே இல்லாத டௌரியல் என்றொரு பெண் வருவாள் என்பதும் அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. தாள் கொடுத்து எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதி, நான்காக மடித்து, புத்தகத்தில் செருகி, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டாள்.

"பில்போ யார் மாதிரி, கண்ணு?" என்று கேட்டேன்.

"படம் பார்த்த பிறகு சொல்கிறேன், அத்தை."

தொந்தி சரிந்து, வசதியை விரும்பி, செருப்புப் போடாமல் திரியும், பாதமெல்லாம் முடி வளர்ந்த அந்தப் பிறவிக்கு இவள் யாரைப் பிடித்துப் போட்டிருப்பாள் என்று யோசித்தபடி நடந்தேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினேன். சுண்டலைத் தின்றுகொண்டே அவள் என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.